பொய் பேசாத பொய்ச்சான்று

பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லலாகாது என்னும் எட்டாம் கட்டளையை நாம் அனைவரும் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாகக் கற்றவர்கள். சான்று என்றவுடன் வழக்குமன்றக் கூண்டில் நின்று ஒருவன் நாவால் சொல்லும் சொல்லே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இக்காலத்தில் ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் சான்று பகர்வது நாவைவிடத் திரையே. திரையரங்கில் கண்டதும், வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் கண்டதும், இன்று உள்ளங்கையில் ஒளிரும் கைப்பேசியில் காண்பதும் சேர்ந்து, நாம் நேரில் பழகாத மனிதர்களைப் பற்றிய தீர்ப்பை நமக்குள் எழுதிவிடுகின்றன. அத்தீர்ப்பு தவறானால் பொறுப்பாளி யார்? எவரும் பொய் பேசாமலேயே ஒரு பொய்ச்சான்று உருவாகிவிட முடியுமா? இக்கேள்வியை நம் மாவட்டத்துக் கடற்கரை மக்களை முன்வைத்து எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

கொட்டாரத்து நாற்சந்தியில் நின்று பார்ப்பவருக்கு ஒன்று புலப்படும். கன்னியாகுமரியை நோக்கி நாள்தோறும் வண்டி வண்டியாக மக்கள் செல்கின்றனர். எல்லாருடைய கையிலும் படக்கருவி இருக்கிறது. கதிரவன் எழுவதும் விழுவதும், விவேகானந்தர் பாறையும், வள்ளுவர் சிலையும், உபகார மாதா ஆலயத்தின் வெண்ணிறக் கோபுரமும் அவற்றில் பதிவாகின்றன. அந்தக் கோபுரத்தின் நிழலில், நெருங்கிய தெருக்களில் வாழும் மக்கள் மட்டும் பெரும்பாலும் பதிவாவதில்லை. பதிவானாலும், வலை உலர்த்தும் ஒரு கறுத்த உருவமாக, காட்சியின் ஓரத்தில் ஓர் அழகுப் பொருளாக நின்றுவிடுகின்றனர். காணாமற்போவது ஒரு வகை. காட்சிப் பொருளாவது மற்றொரு வகை. திரைப்படம் அவர்களுக்கு வழங்கியது பெரும்பாலும் இவ்விரண்டாவது வகை இடத்தையே.

திரை கண்ட கடற்கரை

தமிழ்த்திரை மீனவரை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்ல இயலாது. 1964இல் 'படகோட்டி' வெளிவந்தது. பகைகொண்ட இரு மீனவக் குப்பங்களும், அப்பகையில் குளிர்காயும் சுரண்டலும் அதன் பொருள். எம்.ஜி.ஆர். மீனவராக நடித்த அப்படமும், 1977இல் வந்த 'மீனவ நண்பன்' படமும் கடற்கரை ஊர்களில் உவகையோடு பார்க்கப்பட்டன. தம்மைப் போன்ற ஒருவன் கதைத்தலைவனாக நிற்பதைக் காண்பது எளிய மகிழ்ச்சியன்று. மதிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு அது ஒரு மீட்பு உணர்வு.

1965இல் மலையாளத்தில் 'செம்மீன்' வந்தது. தகழி சிவசங்கரப்பிள்ளையின் நாவலை ராமு காரியாட் படமாக்கினார். தென்னிந்தியப் படங்களுள் முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கம் பெற்றது அது. கடலுக்குப் போன கணவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் தங்கியிருக்கிறது என்ற நம்பிக்கையே அக்கதையின் முதுகெலும்பு. உலகம் வியந்து பாராட்டிய அக்கதையை, அரயர் சமூகத்திலேயே பிறந்த வி. வி. வேலுக்குட்டி அரயன் கடுமையாக விமர்சித்து எழுதினார். ஒரு மக்களின் வாழ்வைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் எழுதும்போது, அது அழகாக இருக்கிறதா என்பது வாசகனின் கேள்வி. அது எங்களைச் சொல்கிறதா என்பது அம்மக்களின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு இலக்கிய உலகம் அரிதாகவே செவி கொடுக்கிறது.

நம் மாவட்டத்திற்கு வருவோம். பாரதிராஜா 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தையும், 1986இல் 'கடலோரக் கவிதைகள்' படத்தையும் முட்டத்தில் எடுத்தார். முட்டத்துப் பாறைகளும் அலைகளும் தமிழகமெங்கும் அறிமுகமாயின. முதற்படத்தில் அந்தண இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலிக்கின்றனர். இறுதியில் இருவருமே தத்தம் சமய அடையாளங்களைக் களைந்து செல்கின்றனர். இரண்டாவதில், எழுத்தறிவற்ற முரடனான சின்னப்பதாஸ் ஜெனிபர் என்னும் ஆசிரியையால் பண்படுத்தப்படுகிறான். இரண்டும் கலையழகு மிக்க படங்கள். இரண்டிலும் இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததாகக் கூற முடியாது. எனினும் கடல் இருந்த அளவுக்குக் கடற்றொழில் அவற்றின் மையத்தில் இல்லை. மனித மனத்தின் கொந்தளிப்பைக் காட்டும் திரைச்சீலையாகக் கடல் பயன்பட்டது.

2012இல் சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' வந்தது. குடிக்கு அடிமையான மீனவ இளைஞன் காதலாலும் ஆலயத்தின் அரவணைப்பாலும் திருந்துகிறான். கடலில் சுட்டுக்கொல்லப்படும் மீனவரின் துயரை உருக்கமாகப் பேசிய படம் என்னும் நன்றி அதற்கு என்றும் உண்டு. 2013இல் மணிரத்னத்தின் 'கடல்' வந்தது. கட்டற்று வளர்ந்த ஓர் ஆதரவற்ற சிறுவனை, ஊருக்குப் புதிதாக வரும் அருட்தந்தை ஒருவர் மனிதனாக்குகிறார்.

இம்மூன்று கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1986இலும், 2012இலும், 2013இலும் கடற்கரை இளைஞன் ஒருவன் தறிகெட்டு நிற்கிறான். இன்னொருவர் கை அவனைத் தூக்கிவிடுகிறது. ஒவ்வொரு கதையும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். குடிப்பவர் கடற்கரையில் இல்லையா? சண்டை இல்லையா? இருக்கின்றன, கொட்டாரத்திலும் இருக்கின்றன, கோயம்புத்தூரிலும் இருக்கின்றன. ஆனால் கடற்கரையைப் பற்றி ஒரு தலைமுறைக்குள் நான்கைந்து கதைகளே சொல்லப்படும்போது, அவற்றில் மூன்று ஒரே வார்ப்பில் அமைந்துவிட்டால், பார்ப்பவன் மனத்தில் எஞ்சுவது ஓர் ஆளின் கதையன்று. ஓர் இனத்தின் இலக்கணம். நகரத்து நாயகன் குடித்தால் அவன் குடிகாரன். கடற்கரை நாயகன் குடித்தால் கடற்கரையே குடிக்கிறது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஸ்பானிய மொழிவழி வந்த மக்கள் 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி 6 கோடியே 21 இலட்சம் பேர். அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். அவர்களுள் கத்தோலிக்கர் மிகுதி. அத்தனை பெரிய கூட்டம் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் தோட்டக்காரராகவும், வீட்டு வேலைக்காரியாகவும், போதைப்பொருள் கடத்துபவராகவுமே தலைகாட்டியது. 1967இல் சோளவறுவல் விற்கும் நிறுவனம் ஒன்று, துப்பாக்கி ஏந்திய மெக்சிகோக் கொள்ளையன் ஒருவனைக் கேலிச்சித்திரமாக விளம்பரத்தில் உலவவிட்டது. குழந்தைகள் அவன் பாட்டைப் பாடித் திரிந்தனர். மெக்சிகோ வழிவந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் அது பட்டப்பெயராயிற்று. அம்மக்களின் அமைப்புகள் எதிர்த்துப் போராடியபின், 1970களின் தொடக்கத்தில் அவ்வுருவம் கைவிடப்பட்டது.

1974இல் ஒரு தொடர் மெக்சிகோ வழிவந்த இளைஞனைத் தலைமைப் பாத்திரமாக்கியது. ஆனால் அப்பாத்திரத்தில் நடித்தவர் மெக்சிகோ வழியினர் அல்லர். அவருடைய தாய் போர்ட்டோ ரிக்கோத் தீவைச் சேர்ந்தவர். பார்க்கும் பெரும்பான்மையினருக்கு இவ்விரண்டும் ஒன்றே, அம்மக்களுக்கோ வேறு. நமக்கும் இது புதிதன்று. தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவரின் பேச்சும், குளச்சல் பக்கத்து முக்குவரின் பேச்சும் திரையில் ஒன்றாகக் குழைக்கப்படும்போது சென்னையில் யாருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த நம் மாவட்டத்தின் பேச்சு மொத்தமும் இப்படித்தான் இருபுறமும் கேலிக்குள்ளாகிறது. வடக்கே போனால் நம்மை மலையாளி என்பர்; மேற்கே போனால் 'பாண்டி' என்பர்.

அந்தக் கொள்ளையன் உருவம் நீக்கப்பட்ட செய்தியில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பொய்யுருவை அகற்றுவது போராட்டத்தால் முடியும். ஆனால் அகற்றிய இடத்தில் மெய்யுரு தானாக வந்து அமர்ந்துவிடுவதில்லை. இல்லாமையும் ஒரு பொய்யே.

குற்றம் யாருடையது?

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பிறர் நற்பெயருக்கு எதிரான குற்றங்களை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. போதிய அடிப்படையின்றி ஒருவரிடம் குறை உண்டென்று உள்ளத்தில் முடிவு கட்டுவது முதலாவது. உண்மையான குறையையே தக்க காரணமின்றிப் பிறரிடம் வெளிப்படுத்துவது இரண்டாவது. இல்லாத குறையைக் கட்டிச் சொல்லும் அவதூறு மூன்றாவது. இப்பகுப்பைக் கொண்டு நம் வழக்கை ஆராய்வோம்.

படம் எடுப்பவர் அவதூறு செய்தாரா? பெரும்பாலும் இல்லை, அவர் காட்டிய குறை உலகில் உள்ளதுதான். புறங்கூறினாரா? அவ்வாறும் உறுதியாகச் சொல்ல முடியாது. கதை என்றால் குறைகளும் வேண்டும். குறையற்ற மனிதனுக்குக் கதை ஏது? அப்படியானால் முதல் குற்றம் எஞ்சுகிறது. அதைச் செய்பவர் யார்? ஒரு சின்னப்பதாஸைக் கண்டு, கடற்கரை முழுவதும் இப்படித்தான் என்று முடிவு கட்டுபவர், திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவர் அல்லவா? ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் தாவும் அந்தத் தாவல் படச்சுருளில் இல்லை. பார்ப்பவர் உள்ளத்தில் இருக்கிறது.

இதனால் படைப்பாளி முற்றிலும் விடுபட்டுவிடுவதில்லை. தன் கதையைப் பார்க்க வருபவர்கள் ஏற்கெனவே என்ன நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் அறிவார். சரிந்து நிற்கும் சுவரில் சாய்பவனுக்கு, நான் மெல்லத்தானே சாய்ந்தேன் என்று சொல்லும் உரிமை இல்லை. ஆயினும் பெரும்பங்குப் பொறுப்பு காண்பவரிடமே இருக்கிறது.

காண்பவர் எல்லாருக்கும் ஒரே அளவு பொறுப்பா? தெரிந்துகொள்ள வழியில்லாதவனின் அறியாமை வேறு, தெரிந்துகொள்ளக்கூடியவன் முயலாமல் இருக்கும் அறியாமை வேறு என்பது புனித தாமஸ் அக்குவினாசின் போதனை. சேலத்திலோ சென்னையிலோ இருந்துகொண்டு கடலோடிகளைத் திரையில் மட்டுமே கண்டவனை ஓரளவு மன்னிக்கலாம். ஆனால் கொட்டாரத்திலிருந்து கடல் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. மீன் கடவத்தைத் தலையில் சுமந்து வரும் பெண்கள் நம் வாசல்களில் நிற்கிறார்கள். அப்பெண்ணிடம் சாளைக்கும் நெத்திலிக்கும் விலை பேசியிருக்கிறோம். அவள் வீட்டு ஆண்கள் எக்காற்றில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தொலைவு போய் அம்மீனைக் கொண்டுவந்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அருகில் இருப்பவனுக்கே பொறுப்பு மிகுதி. திரையைக் குறைகூறும் முன் உள்நாட்டு முற்றங்களில் வழங்கும் பேச்சுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 'கடப்புறத்துக்காரன்' என்ற சொல் எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது என்பதைத் திரைப்படம் நமக்குக் கற்றுத் தரவில்லை. நம்மிடமிருந்துதான் திரைப்படம் அதைக் கற்றது.

உருவம் உயிரைத் தொடும்போது

இவையெல்லாம் மனவருத்தம் பற்றிய பேச்சுத்தானே, இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு உண்டு. 2017 நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கிப் புயல் நம் கடலைக் கலக்கியது. தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் தூண்டிலிட்டுச் சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். கொச்சியிலிருந்தும் இன்னும் வடக்கேயுள்ள துறைகளிலிருந்தும் புறப்பட்டு வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவர்கள். புயலைப் பற்றிய எச்சரிக்கை வெளிவந்தபோது அவர்களில் பலர் கரையிலிருந்து நெடுந்தொலைவில் இருந்தனர். கரைச்செய்தி எட்டாத தொலைவு அது. ஆனால் எச்சரிக்கையை மதியாமல் துணிந்து போனவர்கள் என்ற எண்ணம் கேட்டவர் பலருக்கு எளிதில் எழுந்தது. ஏன் எளிதில் எழுந்தது? முரடன், சொல்பேச்சுக் கேளாதவன், நாளையை எண்ணாதவன் என்ற உருவம் பல ஆண்டுகளாக அங்கே ஆயத்தமாக இருந்தது. அவன் அறியாமை என்று கருதப்பட்டது உண்மையில் அவனுக்குச் செய்தி சேர்க்கும் ஏற்பாட்டின் குறை. உருவம் முந்திக்கொண்டால் கேள்வி பிந்திவிடுகிறது. அதனால்தான் அந்த டிசம்பரில் குழித்துறையில் மக்கள் இரயில் பாதையில் அமர்ந்து, காணாமற்போனவரைத் தேடித்தாருங்கள் என்று உரத்துக் கேட்க வேண்டியிருந்தது. அன்று தொலைக்காட்சிகள் அழும் முகங்களைக் காட்டின. அழுகையைக் காட்டியதில் தவறில்லை. அழாத நாட்களில் அவர்களைக் காட்டாததே தவறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போதும் அவ்வாறே நிகழ்ந்தது. மணக்குடிப் பாலம் அடித்துச்செல்லப்பட்ட காட்சியை நாடறியும். மணக்குடி மக்களின் அன்றாடத்தை நாடறியாது.

1982 மார்ச்சு மாதத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் ஆறாத காயம் ஏற்பட்டது. அக்கலவரத்தின் காரணங்கள் பல. எல்லாவற்றையும் ஓர் உருவத்தின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் அடுத்த ஊரானை ஒரு முகமாக அறிந்தவன் அவன் மேல் கல்லெறியத் தயங்குவான். ஒரு வகையாக மட்டும் அறிந்தவன் தயங்கமாட்டான். இது எல்லாக் கலவரங்களுக்கும் பொதுவான உண்மை.

புகழ்ச்சியும் போதாது

அப்படியானால் நல்லவிதமாகக் காட்டினால் போதுமா? 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்று பல்லாயிரம் பேரை மீட்டனர். சில வாரங்கள் அவர்கள் எல்லாத் திரைகளிலும் வீரர்களாக விளங்கினர். பெருமைக்குரிய நாட்கள் அவை. ஆனால் வீரன் என்பதும் ஓர் உருவமே. ஆபத்தில் மட்டும் நினைக்கப்படுபவன், வெள்ளம் வடிந்ததும் மறக்கப்படுவான். திரையில் வரும் தூய அருட்தந்தையும் அப்படித்தான். வெள்ளங்கி அணிந்து, இயல்புக்கு மாறான தமிழில் ஆசி வழங்கும் அந்த மனிதரை நம் பங்குகள் எதிலும் நாம் கண்டதில்லை. போற்றும் பொய்யும் பொய்யே. மனிதன் வேண்டுவது புகழை அல்ல, முழுமையாகப் பார்க்கப்படுவதை.

முழுமையாகப் பார்ப்பதற்கு எடுத்துக்காட்டுகள் நம்மிடமே உள்ளன. 1964இல் ஹெப்சிபா ஜேசுதாசன் 'புத்தம் வீடு' எழுதினார்; பனையேறும் மக்களின் வாழ்வு உள்ளிருந்து ஒளி பெற்றது. 2004இல் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' வெளிவந்தது. அவருடைய 'கொற்கை' 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவர் நாவல்களில் குடி இல்லையா? காமமும் பகையும் துரோகமும் இல்லையா? உண்டு. ஆனால் அவற்றோடு காற்றின் பெயர்களும், நீரோட்டத்தின் குணங்களும், சுறாவோடு போராடும் கைகளின் அறிவும், கடன்பட்ட வீட்டின் மானமும் உண்டு. ஆகவே அங்கே குறை ஒரு மனிதனின் குறையாகவே நின்றுவிடுகிறது. இனத்தின் முத்திரையாக மாறுவதில்லை. திரையில் கடற்கரை மனிதன் எப்போதும் கற்றுக்கொள்பவன். இந்நாவல்களில் அவன் கற்பிப்பவனும்கூட. கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் மலைமுகடு ஒன்றையும் கோபுரம் ஒன்றையும் நேர்கோட்டில் நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாறையின் இருப்பிடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும் மனிதனைப் 'படிக்காதவன்' என்று சொல்வதற்கு நம் மொழியில் வேறு நல்ல சொல் இல்லையா?

சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. 1993இல் தனியார் அலைவரிசைகள் வரத் தொடங்கின. இத்தனை ஆண்டுகளில் எண்ணற்ற குடும்பத் தொடர்கள் வந்து போயின. பெரிய வீடு, மாடிப்படி, பட்டுப்புடவை, சொத்துச் சண்டை. கடற்கரைக் குடும்பம் ஒன்று தன் மகளின் திருமணத்தைப் பற்றிச் சாதாரணமாகக் கவலைப்படும் தொடர் எத்தனை? சாதாரணமாக இருக்கும் உரிமையே ஒரு மக்களுக்குத் திரை வழங்கக்கூடிய மிகப்பெரிய மரியாதை. இன்று கடற்கரை இளைஞர்கள் கைப்பேசியைக் கையிலேந்தி, தம் தொழிலையும் கடலையும் பேச்சையும் தாமே படம்பிடித்து உலகுக்குக் காட்டுகின்றனர். அவை எல்லாம் கலைப்படைப்புகள் அல்ல. ஆயினும் சான்று சொல்லும் இடத்தில் முதன்முறையாக உரியவரே நிற்கிறார். நம் பங்குகளும் கல்லூரிகளும் அவர்களுக்குக் கருவியும் பயிற்சியும் தருவது, போராட்ட அறிக்கைகள் பல வெளியிடுவதினும் நற்பயன் தரும்.

வந்து பார்த்தல்

நற்செய்தியில் இரு நிகழ்ச்சிகள் உண்டு. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவை அங்கிருந்தவர்கள் அடையாளம் கண்டது அவர் பேச்சைக் கொண்டு. கலிலேயாக் கடலோடியின் வழக்கு தலைநகரில் ஒளிந்திருக்க முடியவில்லை. திருச்சபையின் பாறை என்று அழைக்கப்பட்டவர், தலைநகரத்தாரின் காதுக்கு ஒரு கடப்புறத்துக்காரர்தாம்.

மற்றொன்று நத்தனியேலின் கதை. நாசரேத்து என்ற ஊர்ப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அங்கிருந்து நல்லது வருமா என்று ஐயுற்றார் அவர். கபடற்றவர் என்று ஆண்டவரே சான்றளித்த மனிதர் அவர். அவருக்குள்ளும் ஓர் ஊரைப் பற்றிய முன்முடிவு இருந்தது என்பது நம்மை எச்சரிக்க வேண்டும். பிலிப்பு அவரோடு வாதாடவில்லை. நாசரேத்தின் பெருமைகளைப் பட்டியலிடவும் இல்லை. வந்து பார்க்குமாறு அழைத்தார். நத்தனியேல் எழுந்து போனார். அவ்வளவே; முன்முடிவு ஒரு சந்திப்பில் கரைந்தது.

திரை நமக்குச் செய்யாத அழைப்பு அது. திரை வந்து காட்டும். நம்மைப் போகச் சொல்லாது. ஆகவே போகவேண்டியவர்கள் நாமே. சின்னமுட்டத்திற்கோ மணக்குடிக்கோ பள்ளத்திற்கோ ஒரு விடியற்காலையில் சென்று, மீன் வாங்குவதற்காக அன்றி, மனிதரைக் காண்பதற்காகச் சற்று நேரம் கரையில் நின்றால், பல ஆண்டுக் காட்சிகள் நம் உள்ளத்தில் எழுதிய தீர்ப்பை மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏன் இம்மக்கள் உரக்கப் பேசுகின்றனர் என்ற நம் நெடுநாள் ஏளனக் கேள்விக்கு அலையோசையே விடை சொல்லும். பொய்ச்சான்று நம் நாவிலிருந்து பிறக்காமல் இருக்கலாம். அதை நம்பாமல் இருப்பதும், நம்பியவரிடம் மறுத்துரைப்பதும் எட்டாம் கட்டளை நம்மிடம் கேட்கும் மற்றப் பாதி.